பதிவான டிரம்ஸுக்குச் சாம்பிள் சேர்க்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்துமஸ் கேரல் தொகுப்புகளுக்கும் ஊர்த் திருவிழாப் பாடல்களுக்கும் டிரம்ஸ் வாசிப்பு பல வேளைகளில் ஒலித்தடுப்பு இல்லாத பங்கு மண்டபத்திலோ வீட்டு மாடி அறையிலோதான் பதிவாகிறது. நான்கு பக்கமும் சிமென்ட் சுவர், மேலே ஷீட் கூரை, கையில் நான்கைந்து மைக் என்ற நிலையில் வரும் பதிவில், காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மின் அடித்தொனி மழுங்கியிருக்கும். குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம்மின் மைக்கில் ஸ்னேருக்குச் சமமாக ஹை-ஹாட் என்னும் இரட்டைத் தட்டு ஒலித்துக்கொண்டிருக்கும். வாசித்தவரை மீண்டும் அழைக்க முடியாதபோது, சாம்பிளை, அதாவது தனியே பதிந்து வைத்த ஒற்றை அடியின் ஒலியை, ஒலிக்க வைக்கும் மென்பொருளைக் கொண்டு அந்த அடிகளுக்கு வலுச் சேர்க்கலாம், அல்லது அவற்றை முழுவதுமாக மாற்றிவிடலாம்.

இரண்டும் வேறுவேறு வேலைகள். மாற்றும்போது பழைய டிராக்கை அணைத்துவிட்டு, அதன் அடிகள் விழுந்த இடங்களில் எல்லாம் சாம்பிளை ஒலிக்க விடுகிறோம். சேர்க்கும்போது பழைய டிராக் அப்படியே இருக்க, அதனோடு சாம்பிள் கலக்கிறது. மைக் பழுதாகி ஒலி உடைந்திருந்தால் ஒழிய மாற்றத் தேவையில்லை என்பது என் கருத்து. வாசித்தவரின் கை எங்கே அழுந்தியது, எங்கே தளர்ந்தது என்பதெல்லாம் பழைய டிராக்கில்தான் இருக்கிறது; அதை அணைத்தால் பாடல் யாரும் வாசிக்காதது போல ஆகிவிடும்.

பதிவு நாளன்றே எடுக்க வேண்டிய சாம்பிள்

வெளியிலிருந்து வாங்கும் எந்தச் சாம்பிளைக் காட்டிலும், பதிவான அதே டிரம்மில், அதே மைக்கில், அதே அறையில் எடுத்த சாம்பிள்தான் பாடலோடு ஒட்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. வாசிப்பு முடிந்ததும், மைக்குகளை அசைக்காமல், எல்லா டிராக்குகளையும் பதிவில் விட்டுவிட்டு, ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியே அடிக்கச் சொல்ல வேண்டும். மெதுவான அடியில் தொடங்கி முழு வலு வரை ஐந்து நிலைகள், ஒவ்வொரு நிலையிலும் நான்கு அடிகள், ஒவ்வொரு அடியின் ரீங்காரமும் மண்டபத்தின் எதிரொலியும் முற்றிலும் அடங்கிய பிறகே அடுத்த அடி. ஸ்னேருக்கு நடுத்தோல் அடி, விளிம்போடு சேர்த்த ரிம் ஷாட், குச்சியைக் குறுக்கே படுக்க வைத்துத் தட்டும் கிராஸ் ஸ்டிக் ஆகிய மூன்றையும் இப்படி எடுத்தால் 60 அடிகள் கிடைக்கும். வாசிப்பவர் சலித்துக்கொண்டு அவசரப்படுவார். எதிரொலி அடங்குமுன் விழுந்த அடி சாம்பிளாகப் பயன்படாது என்பதைப் பொறுமையாகச் சொல்லி மீண்டும் அடிக்க வைப்பது நல்லது.

மின்விசிறியை நிறுத்த மறக்கக் கூடாது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது என்பதால், ஷீட் கூரையில் மழை விழாத நேரத்தையும் பார்க்க வேண்டும். முழுப் பாடலின் பின்னணியில் தொடர்ந்து கேட்கும் மழை இரைச்சலைக் காது பொறுத்துக்கொள்ளும். அதே இரைச்சல் ஒரு சாம்பிளின் வாலில் ஒட்டிக்கொண்டு ஒவ்வோர் அடிக்கும் வந்து வந்து நின்றால், ஸ்னேர் மூச்சு விடுவது போலக் கேட்கும்.

தேவையான மென்பொருள்

ஸ்டீவன் ஸ்லேட்டின் ட்ரிகர் 2, எக்ஸ்எல்என் ஆடியோவின் அடிக்டிவ் ட்ரிகர் ஆகியவை இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டவை. டிராக்கில் பிளக்-இன்னாக (பதிவு மென்பொருளுக்குள் செருகும் துணை மென்பொருளாக) போட்டால் அடி விழும்போதே சாம்பிளை ஒலிக்கும். டூன்டிராக்கின் சுப்பீரியர் டிரம்மர் 3 பதிவான ஒலியை ஆராய்ந்து மிடியாக (அடிகளின் நேரத்தையும் வலுவையும் எண்களாகக் காட்டும் குறிப்புகளாக) மாற்றும் டிராக்கர் பகுதியைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. பதிவு மென்பொருள்களில் லாஜிக் ப்ரோ வைத்திருப்போர் டிராக் மெனுவிலுள்ள 'ரீப்ளேஸ் ஆர் டபுள் டிரம் டிராக்' என்பதையும், கியூபேஸ் வைத்திருப்போர் ஹிட்பாயின்ட்களிலிருந்து (அடி விழுந்ததாக அது குறிக்கும் இடங்களிலிருந்து) மிடி உருவாக்கும் வசதியையும் பயன்படுத்தலாம். செலவைக் குறைக்க நினைப்போர்க்கு ரீப்பர் போதும்: 60 நாள் சோதித்துப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர், சொந்தச் சாம்பிள்களை ஏற்றிக்கொள்ளும் ரீசாம்ப்ளோமாட்டிக்5000 அதனுடனேயே வருகிறது.

எனக்கு உடனுக்குடன் ஒலிக்கும் பிளக்-இன்னைவிட மிடி வழிதான் பிடிக்கும். அடிகள் கண்ணுக்கு முன்னால் குறிப்புகளாக நிற்பதால், தவறானதை அழிக்கவும் விட்டுப்போனதைச் சேர்க்கவும் அதில் முடிகிறது. பெரும்பாலான டிரம் மென்பொருள்களில் கிக் 36ஆம் மிடி எண்ணிலும் ஸ்னேர் 38ஆம் எண்ணிலும் இருக்கும்; சைட் ஸ்டிக் என்று அதில் பெயர் பெறும் கிராஸ் ஸ்டிக் 37.

அடிகளைக் கண்டுபிடித்தல்

முதலில் ஸ்னேர் டிராக்கை நகலெடுக்க வேண்டும். அந்த நகல் யார் காதுக்கும் போகாது. மென்பொருளுக்கு வழி காட்ட மட்டுமே. ஆகவே அதைத் தயக்கமின்றிச் சிதைக்கலாம். ஒலியின் அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டினால் கிக்கின் கசிவு குறையும். 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டினால் ஹை-ஹாட் அடங்கும். எஞ்சும் ஒலி கேட்க அசிங்கமாகவே இருக்கும், ஆனால் அதில் ஸ்னேர் மட்டும் தெளிவாக எழுந்து நிற்கும். கிக் டிராக்கின் நகலுக்கு, அடித்தொனியை மட்டும் விட்டுவிட்டு 120 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டலாம் என்றாலும், அடியின் தொடக்கம் கொஞ்சம் மங்கி நேரம் பிந்திப்போகக்கூடும் என்பதால், பெடலின் 'டக்' ஒலி கேட்குமளவு மேல்பகுதியில் சிறிது விட்டுவைப்பது பாதுகாப்பு.

அடுத்தது அளவுக்கோடு. சென்சிடிவிட்டி, திரெஷோல்டு போன்ற பெயர்களில் வரும் இந்தக் கட்டுப்பாடு, எவ்வளவு ஒலியை அடியாகக் கொள்வது என்பதைத் தீர்மானிக்கிறது. பாடலின் உரத்த பகுதியை வைத்து இதை அமைப்போர் பலர். அது சரியல்ல. பல்லவி தொடங்குமுன் ஸ்னேர் மெல்லத் தட்டப்படும் இடத்தை எடுத்து, அந்தத் தட்டல் பிடிபடும் வரை கோட்டை இறக்கி, பிறகு உரத்த பகுதிக்கு வந்து, ஹை-ஹாட் கசிவு எங்கே பொய் அடியாகப் பதிகிறது என்று பார்க்க வேண்டும். ரீட்ரிகர் என்ற கட்டுப்பாடு ஓர் அடிக்குப் பின் எவ்வளவு நேரம் அடுத்ததை ஏற்காமல் இருப்பது என்பதைச் சொல்லும். 40 மில்லி நொடியில் தொடங்கலாம். உருட்டல் வரும் இடங்களில் அடிகள் காணாமற்போனால் அதைக் குறைக்க வேண்டும்.

எப்படி அமைத்தாலும் சில பிழைகள் மிஞ்சும். நிமிடத்துக்கு 100 தாள எண்ணிக்கை வேகத்தில் 4 நிமிடம் ஓடும் நான்கு எண்ணிக்கைத் தாளப் பாடலில், 2ஆம் 4ஆம் எண்ணிக்கைகளில் மட்டும் ஸ்னேர் விழுந்தாலே 200 அடிகள். அவற்றைத் தொடக்கம் முதல் கடைசி வரை அலைவடிவத்தோடு ஒப்பிட்டுக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால், பின்னால் கலவை முடிந்த பிறகு ஒரு பொய் அடியைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

நேரமும் திசையும்

சாம்பிள் சேர்த்த பிறகு ஸ்னேர் பருக்காமல் மெலிந்துவிட்டது என்று பலர் சொல்வார்கள். குற்றம் பெரும்பாலும் சாம்பிளில் இராது, நேரத்தில் இருக்கும். ஸ்னேரின் உடல்தொனி 200 ஹெர்ட்ஸ் அளவில் இருப்பதாகக் கொண்டால் அதன் ஒரு சுழற்சி 5 மில்லி நொடி. சாம்பிள் அதில் பாதியான 2.5 மில்லி நொடி தள்ளி விழுந்தால், ஒன்றின் ஏற்றமும் மற்றதன் இறக்கமும் எதிரெதிரே நின்று அந்தத் தொனியையே தின்றுவிடும். ஒலியை நொடிக்கு 48,000 புள்ளிகளாக அளக்கும் 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் அது வெறும் 120 புள்ளிகள்; சாதாரணப் பெரிதாக்கத்தில் கண்ணுக்கே தெரியாது.

எனவே திரையை நன்றாகப் பெரிதாக்கி, பழைய அடியின் முதல் எழுச்சியையும் சாம்பிளின் முதல் எழுச்சியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். சாம்பிள் கோப்பின் தொடக்கத்தில் ஓசையற்ற வெற்றிடம் இருந்தால் வெட்டிவிட வேண்டும். அடுத்துத் திசை. ஸ்னேரைக் குச்சி தாக்கும்போது மேல்தோல் மேலேயுள்ள மைக்கை விட்டு விலகுவதால் அலை கீழ்நோக்கித் தொடங்கும். கிக்கின் வெளிப்பக்க மைக்கிலோ தோல் மைக்கை நோக்கித் தள்ளுவதால் மேல்நோக்கித் தொடங்கும். சாம்பிள் எதிர்த்திசையில் தொடங்கினால் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை அழுத்தித் திருப்ப வேண்டும். இரண்டு நிலையிலும் கேட்டு, எதில் அடித்தொனி தடிமனாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

ஓவர்ஹெட் மைக்கோடு சாம்பிளை ஒட்டவைக்க முயலக் கூடாது. ஒலி ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 2.9 மில்லி நொடி ஆகும்; தலைக்கு மேலுள்ள மைக்குக்கு ஸ்னேர் எப்போதும் பிந்தித்தான் போய்ச் சேரும். அருகிலுள்ள மைக்தான் அளவுகோல்.

அடியின் வலு

மிடியில் ஒவ்வோர் அடியின் வலுவும் 1 முதல் 127 வரையிலான எண். மென்பொருள் எல்லா அடிகளையும் ஒரே எண்ணில் எழுதியிருந்தால் அதை அப்படியே விடக் கூடாது. பழைய டிராக்கின் உயரத்தை ஒட்டி எண்கள் ஏறி இறங்க வேண்டும். மெதுவான தட்டல்கள் 30, 40 அளவிலும், பல்லவியின் முழு அடிகள் 110 அளவிலும் வரும்படி, ஒலி அளவை வலு எண்ணாக மாற்றும் வளைகோட்டை அமைத்தால் பெரும்பாலும் இயல்பாக இருக்கும். முன்பு ஒவ்வொரு நிலைக்கும் நான்கு அடிகள் எடுக்கச் சொன்னதன் பயனும் இங்கேதான் தெரியும்: ஒரே வலுவில் தொடர்ந்து விழும் அடிகளுக்கு அந்த நான்கையும் மாறிமாறி ஒலிக்க விட்டால், உருட்டல் இயந்திரத் துப்பாக்கி போல ஒலிப்பது நின்றுவிடும். மிக மெல்லிய தட்டல்களுக்குச் சாம்பிளே வேண்டாம் என்பது என் பழக்கம். பழைய டிராக்கே அவற்றைப் பார்த்துக்கொள்ளும்.

கலத்தல்

சாம்பிளின் சுருதி ஓவர்ஹெட்டில் கேட்கும் ஸ்னேரின் சுருதியோடு முரண்பட்டால், ஒரு பாடலில் இரண்டு ஸ்னேர் இருப்பது போலத் தோன்றும். வெளிச் சாம்பிளைப் பயன்படுத்துவோர் முதலில் அதை அரை ஸ்வரம், ஒரு ஸ்வரம் என்று ஏற்றியும் இறக்கியும் பொருத்த வேண்டும். இன்னொரு முரண் எதிரொலியில் வரும். பெரிய மண்டபத்தில் பதிவான டிரம்ஸுக்கு நடுவே எதிரொலியே இல்லாத சாம்பிள் காதருகே வந்து தட்டும். எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் பிளக்-இன் ஓரளவு உதவும். மண்டபச் சாவி இன்னும் கையில் இருந்தால் அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: டிரம் இருந்த இடத்தில் ஒரு ஒலிபெருக்கியை வைத்து, சாம்பிள் டிராக்கை அதில் ஓடவிட்டு, எட்டத்தில் ஒரு மைக்கை நிறுத்தி அந்த மண்டபத்தின் எதிரொலியையே பதிந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஒலி அளவைத் தீர்மானிக்க, சாம்பிளை முழுக்க இறக்கிவிட்டு, பாடல் முழுவதும் ஒலிக்கும்போது மெல்ல ஏற்ற வேண்டும். தனி ஒலியாக அது காதில் படும் இடத்துக்கு வந்ததும் 2 அல்லது 3 டெசிபல் இறக்கி நிறுத்தலாம். டிரம்ஸை மட்டும் தனியே வைத்துக் கேட்டு இந்த அளவை முடிவு செய்வோர் எப்போதும் கூட்டித்தான் வைப்பார்கள். சரியாக அமைந்ததும் சாம்பிளை ஒலிக்கோப்பாகப் பதிந்துகொண்டு, பாடலின் தொடக்கத்திலிருந்தே தொடங்கும் 24 பிட் கோப்பாகச் சேமித்தால், கலவை செய்யும் இடத்தில் அந்தப் பிளக்-இன் இல்லாவிட்டாலும் வேலை தடைப்படாது.

சிங்காரி மேளமும் உடுக்கையும்

இவ்வூர்ப் பாடல்களில் டிரம்ஸோடு சிங்காரி மேளத்தின் செண்டையும் சேர்ந்து வருவது வழக்கமாகிவிட்டதால், அதற்கும் இதே முறையைச் செய்து தரச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தாளம் பிடித்து நிற்கும், செண்டையின் கனத்த ஒலி தரும் பக்கமான வலந்தலையின் அடிக்கு, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள கிக் சாம்பிளை மெலிதாகச் சேர்க்கலாம். அது நன்றாகவே ஒட்டும். குச்சிகள் பொழியும் உருட்டு அடிகளில் எந்த மென்பொருளும் அடிகளைச் சரியாகப் பிரித்தெடுப்பதில்லை. அந்த டிராக்குக்கு ஈக்யூவும், ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரும் போதும். வில்லுப்பாட்டில் வரும் உடுக்கைக்கோ இந்த வேலையே பொருந்தாது. வாசிப்பவர் இடுப்புக் கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் ஓர் அடிக்குள்ளேயே சுருதியை வளைக்கிறார். சாம்பிளோ ஏதோ ஒரு வளைவில் உறைந்து நிற்கிறது. உடுக்கையின் பதிவு சரியில்லை என்றால், மைக்கைத் தோலிலிருந்து ஒரு சாண் விலக்கி வைத்து மறுபடி வாசிக்கச் சொல்வதே வழி.