டிவி பாட்டுப் போட்டிக்குப் போகுமுன்: குடும்பக் கதையை எவ்வளவு சொல்லலாம், எப்போது சொல்லலாம்?

2006-இல் விஜய் தொலைக்காட்சியில் ‘சூப்பர் சிங்கர்’ தொடங்கியது முதல், மதுரையிலிருந்தும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர்களிலிருந்தும் குரல் வளமுள்ள பிள்ளைகள் ஆடிஷனுக்குப் போய்வருவது வழக்கமாகிவிட்டது. பாட்டுக்காக மாதக்கணக்கில் சாதகம் செய்கிறவர்கள், அங்கே தவறாமல் கேட்கப்படும் வேறொன்றுக்கு எந்தத் தயாரிப்பும் இல்லாமல் சென்னைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறார்கள். அப்பா என்ன வேலை பார்க்கிறார், வீட்டில் என்ன கஷ்டம், யாருடைய மறைவை இன்னும் மறக்க முடியவில்லை என்ற கேள்விகள் பாட்டுக்கு முன்போ பின்போ வந்தே தீரும். பட்ட கஷ்டத்தைச் சொல்வதில் தவறே இல்லை என்பதுதான் என் கருத்தும். ஆனால் எதைச் சொல்வது, யாருடைய சம்மதத்தோடு சொல்வது, எந்த நேரத்தில் சொல்வது என்ற மூன்றையும் படப்பிடிப்புத் தளத்தில் வேறொருவர் முடிவு செய்ய விட்டுவிடாமல், வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போக வேண்டும்.

அந்தக் கேள்விகள் ஏன் வருகின்றன என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு பாடல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எபிசோடோ ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஓடியாக வேண்டும். பாடகரை முன்பின் தெரியாத பார்வையாளர் அவருக்கு வாக்களிக்க வேண்டுமென்றால், அவரைத் தன் வீட்டுப் பிள்ளையாக நினைக்க வைக்க வேண்டும். அதற்காகத்தான் பாட்டுக்கு முன் ‘ஏவி’ என்று அவர்கள் சொல்லும் சிறு அறிமுகப் படம் ஓடுகிறது, அதன் பின்னணியில் புல்லாங்குழலோ வயலினோ இழைகிறது, நடுவரின் ஈரக் கண்கள் க்ளோஸ்-அப்பில் வருகின்றன. அந்தக் கண்ணீர் எந்த நொடியில் வந்தது என்பதைப் படத்தொகுப்பாளர் மட்டுமே அறிவார். கேட்கிறவர்களைக் கெட்டவர்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்கும் இளைஞருக்கு அது அன்றாட வேலை, கதை கொண்டுவராவிட்டால் அவருக்கும் மேலே ஒருவர் பதில் கேட்பார்.

ஆடிஷனுக்குப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாவது குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். பாடப்போகிறவரின் சொந்த அனுபவம், அதாவது படிப்பு நின்றது, பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கியது, கோயில் திருவிழா மேடைகளில் சம்பளமில்லாமல் பாடியது போன்றவை அவருக்கே உரியவை. அவற்றை அவர் விரும்பினால் சொல்லலாம். அடுத்தவருடைய துன்பம் அப்படிப்பட்டதன்று. அப்பாவின் குடிப்பழக்கம், அக்காவின் முறிந்துபோன திருமணம், அம்மாவின் அறுவை சிகிச்சை, கந்துவட்டிக் கடன் ஆகியவை அந்தந்த மனிதர்களின் வாழ்க்கையைச் சேர்ந்தவை. அவர்களைத் தனியாகக் கேட்டு, முழு மனத்தோடு சரி என்று சொன்னால் மட்டுமே வாய் திறக்க வேண்டும். எல்லோரும் சூழ உட்கார்ந்திருக்கும்போது கேட்டால், பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்து யாரும் மறுக்க மாட்டார்கள் என்பதால்தான் தனியாகக் கேட்கச் சொல்கிறேன். சென்னைக்காரர்கள் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். நம் ஊர்ச் சாவடியிலும் டீக்கடையிலும் அந்தப் பேச்சு பத்து வருடம் ஓடும், யூடியூபில் துண்டுக் காட்சியாக நிலைத்தும் விடும். அக்காவுக்கு மறுமணப் பேச்சு வரும் நாளில் அதை யாராவது தேடி எடுப்பார்கள்.

முடிவானதை நான்கு வாக்கியங்களில் எழுதி மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியம் பாட்டைப் பற்றியதாக இருக்கட்டும்: யாரிடம் கற்றீர்கள், எங்கே பாடினீர்கள், எந்த வகைப் பாட்டு உங்கள் குரலுக்குப் பொருந்தும். கஷ்டம் மூன்றாவது வாக்கியத்தில் வந்தால் போதும். “அப்பா கைத்தறி நெய்கிறார், வாரத்தில் சில நாள்தான் வேலை இருக்கும்” என்று நடப்பை நடப்பாகச் சொல்வதற்கும், “நாங்கள் ரொம்பக் கஷ்டப்பட்டவர்கள், எங்களைக் கைவிட்டுவிடாதீர்கள்” என்று கும்பிடுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னதைக் கேட்கிறவர் நெசவை நினைத்துப் பார்ப்பார்; பின்னதைக் கேட்கிறவர் இரக்கப்பட்டு, அடுத்த வாரம் இன்னும் பாவமான ஒருவர் வந்ததும் அவர் பக்கம் போய்விடுவார்.

போட்டிக்குத் தேர்வானதும் நிகழ்ச்சிக் குழுவிலிருந்து நீண்ட தொலைபேசி அழைப்பு வரும். அன்பாகத்தான் பேசுவார்கள். சொல்ல விரும்பாத இடம் வந்தால் பொய் சொல்லாமலும் கோபப்படாமலும் மறுக்கப் பழகுங்கள். “அண்ணே, அதை மட்டும் விட்ருங்க, வீட்ல சங்கடப்படுவாங்க. நான் பாட்டு கத்துக்கிட்ட கதையச் சொல்றேன், அது நல்லாருக்கும்” என்று வேறொரு கதையைக் கையில் கொடுத்துவிட்டு மறுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். வெறுமனே ‘முடியாது’ என்றால் அதே கேள்வி வேறு வடிவில் மறுநாள் வரும். அழைப்பின்போது சொன்ன எதுவும் திரையில் வரலாம் என்று கொள்ளுங்கள். “இது உங்களுக்கு மட்டும்” என்று சொல்லித் தொடங்கும் பேச்சு அங்கே செல்லாது. கையெழுத்திடச் சொல்லும் ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தால், ஆங்கிலம் தெரிந்த ஆசிரியரிடமோ வழக்கறிஞரிடமோ காட்டிவிட்டுக் கையெழுத்திட்டு, நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

ஏவி எடுக்கக் குழுவினர் ஊருக்கு வரும் நாளில் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்: அன்றாடம் செய்யாத எதையும் கேமராவுக்காகச் செய்யாதீர்கள். வீட்டுக்குள் குழாய் இருக்கும்போது தூர்ந்துபோன கிணற்றடியில் குடத்தோடு நிற்க வேண்டாம். கேஸ் அடுப்பு இருக்கும் வீட்டில் விறகடுப்பை மூட்டிப் புகையில் இருமுவது உங்கள் அம்மாவுக்கும் நல்லதில்லை, எதிர்வீட்டுக்காரர்கள் அதைச் சும்மாவும் விடமாட்டார்கள். இறந்தவரின் படத்துக்கு முன் நின்று அழச் சொன்னால், “மாலை போட்டுக் கும்பிடுறோம், அத எடுத்துக்குங்க” என்று சொல்லலாம்.

மேடைக்கு வருவோம். ‘முதலில் பாடிவிடுகிறேன், பிறகு பேசுகிறேன்’ என்று ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா நேரமும் நடக்காது என்றாலும் கேட்டால் பல நேரம் கிடைக்கும். இதற்கு உடற்கூறு சார்ந்த காரணம் உண்டு. அழுகை வரும்போது உடல் அதிகக் காற்றை உள்ளிழுப்பதற்காகக் குரல்வளையின் வாயை விரித்துவைக்கிறது. விழுங்கும்போது அது மூடியாக வேண்டும். இந்த இரண்டு இழுப்புக்கும் நடுவில் சிக்கிய தசைகளின் இறுக்கத்தைத்தான் தொண்டை அடைக்கிறது என்கிறோம், அந்த இறுக்கத்தோடு மேல் ஸ்தாயியைத் தொட்டால் சுருதி விலகும். கண்ணீரில் ஒரு பகுதி மூக்குக்குள் இறங்குவதால் மூக்கும் அடைத்துக்கொள்கிறது. மூக்கடைப்போடு உருகி உருகி ‘அம்மா’ என்று பாடினால் கேட்கிறவர் காதில் அது கிட்டத்தட்ட ‘அப்பா’ என்றே விழும். பேசும்போதே கண் கலங்கிவிட்டால், வெட்கப்படாமல் ஒரு நிமிடம் கேளுங்கள்; இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்து, மூக்கைச் சிந்தி, மூச்சை மெதுவாக நீளமாக வெளியே விட்டு, ஆதார சட்ஜமத்தை, அதாவது பாட்டின் அடிப்படையான ‘ஸ’ சுரத்தை, மெல்ல முனகிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பதிவு செய்யப்படும் நிகழ்ச்சி என்பதால் அந்த ஒரு நிமிடம் யாருக்கும் நஷ்டமில்லை.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். தாயை இழந்த பிள்ளையைத் தாய்ப்பாட்டுப் பாடச் சொல்லி யோசனை வரும். அறையில் பல முறை பாடியும் அழுகை வராத பாட்டாக இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள், வந்தால் வேறு பாட்டைச் சொல்லுங்கள். சோகப்பாட்டே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். நம் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் அரிச்சந்திர மயான காண்டத்தைப் போய்ப் பாருங்கள். பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனை மடியில் போட்டுக்கொண்டு சந்திரமதி புலம்பும்போது கூட்டம் மூக்கைச் சிந்தும். பாடும் அம்மாளின் குரல் மட்டும் ஆர்மோனியத்தின் சுருதிக் கட்டையை விட்டு இம்மியும் நகராது. தன் தொண்டையை அழவிடாமல் எதிரே இருப்பவரை அழவைக்கும் அந்த வித்தைக்குத் தொலைக்காட்சியில் கிடைக்கும் மதிப்பெண் குறைவு என்பது என் மனக்குறை, ஆனாலும் பயிற்சி எடுக்க அதைவிட நல்ல பள்ளி எனக்குத் தெரியாது.

குடும்பத்தாரைச் சொல்லாமல் மேடைக்கு அழைத்துவந்து அதிர்ச்சி தருவதும் உண்டு. பேசாத உறவு, பிரிந்துபோன தந்தை போன்ற சிக்கல்கள் இருந்தால், “இவரை மட்டும் அழைக்க வேண்டாம்” என்று எழுத்தில், வாட்ஸாப்பிலாவது, முன்பே தெரிவித்துவிடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டமே துணை நிற்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 14 வயது நிறையாத குழந்தையை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேலோ நிகழ்ச்சியில் ஈடுபடுத்தக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி பெற வேண்டும். குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரிலேயே வைப்புத்தொகையாகப் போட வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாகப் பங்கேற்க வைக்கவும் கூடாது. ஆகவே எலிமினேஷன் அன்று குழந்தை விம்மத் தொடங்கினால், கேமரா ஓடிக்கொண்டிருக்கிறதே என்று தயங்காமல் பெற்றோர் உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வரலாம். யாராவது தடுத்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. வீட்டுக் கடன் எவ்வளவு என்பதைக் குழந்தை முன்னால் பேசாமலிருப்பது அதற்கும் முந்தைய பாதுகாப்பு, ஏனெனில் அங்கே கேட்டால் குழந்தை தொகையோடு சொல்லிவிடும்.

எபிசோடு ஒளிபரப்பான மறுநாளிலிருந்து தொலைபேசி ஓயாது. கச்சேரிக்கு அழைப்பவர்கள், கட்சிக்காரர்கள், தூரத்து மாமன் முறை சொல்லிக்கொண்டு வருபவர்கள் எல்லோரும் பேசுவார்கள். குடும்பத்தில் நிதானமான ஒருவர் மட்டும் போனை எடுக்கட்டும், பாடுகிறவர் சில நாளுக்குக் கமெண்டுகளைப் படிக்க வேண்டாம். உதவி செய்ய விரும்புகிறவர்கள் உண்மையானவர்களாக இருந்தால், கல்விக் கட்டணத்தை நேராகக் கல்லூரிக்கோ மருந்துச் செலவை நேராக மருத்துவமனைக்கோ கட்டச் சொன்னால் கட்டுவார்கள். வங்கிக் கணக்கு எண்ணைத் திரையில் காட்டச் சம்மதிக்காதீர்கள். “ஐந்து லட்சம் தருகிறோம், அதற்கு முன் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்” என்று யாராவது கேட்டால் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். அனுப்பிவிட்டிருந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.