பார்க்கின்சன் உள்ளவரின் குரலை வீட்டிலேயே பதிவு செய்து வைப்பது எப்படி

வீட்டில் யாருக்காவது பார்க்கின்சன் (உடல் அசைவுகளைப் பாதிக்கிற மூளை நோய்) இருந்தால், அல்லது இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்பட்டிருந்தால், மாதம் ஒருமுறை அவர் குரலைப் பதிவு செய்து வைக்கும் வேலையை இன்றைக்கே தொடங்கிவிடுங்கள். கை நடுங்கினால் எல்லோர் கண்ணிலும் பட்டுவிடும். குரல் தேய்வது அப்படியில்லை, தினமும் கூட இருப்பவர்களின் காது அதற்குப் பழகிப்போய்விடும். எப்போதாவது போன் செய்கிற பேரன்தான் "தாத்தா, கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்பான். தாத்தாவோ "நான் நல்லாத்தான் பேசறேன், உனக்குத்தான் காது கேக்கல" என்பார். அது வீம்பு இல்லை. தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று கணிக்கிற திறனையே இந்த நோய் குழப்பிவிடுகிறது, அதனால் சரியாகப் பேசுவதாகவே அவருக்குத் தோன்றும். அவரோடு வாதாடாதீர்கள், பதிவு செய்து வையுங்கள்.

மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறையக் குறைய அசைவுகள் சுருங்குகின்றன. கையெழுத்து பொடியாகிறது, நடக்கும்போது எட்டு குறுகுகிறது, மூச்சும் குரல் நாண்களும் நாக்கும் உதடும்கூட முன்பு போல் அசைவதில்லை. அதனால்தான் குரல் சன்னமாகி, ஏற்ற இறக்கம் போய், மூச்சு கலந்து வருகிறது. நோய் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இது வரும். இதைக் கணினி வைத்து அளக்கலாம் என்று நம்பி, 2012-ல் மேக்ஸ் லிட்டில் என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர் பொதுமக்களையே போன் செய்து "ஆ" சொல்லச் சொல்லிக் குரல்களைத் திரட்டினார். 2015-ல் அமெரிக்காவில் எம்பவர் என்ற ஆய்வு ஐபோன் ஆப் வழியாக அதே "ஆ"வைக் கேட்டது. அந்த ஆய்வுகளின் முறையில் பாதியை நாம் வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் அறை. ஃபேன், ஏசி, டிவி எல்லாவற்றையும் நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், மிக்ஸி ஓடாத நேரமாகப் பாருங்கள். மெத்தை, துணி அலமாரி இருக்கிற படுக்கையறை நல்லது, எதிரொலி குறையும். போனைக் கையில் பிடிக்காமல் மேசைமேல் எதிலாவது சாய்த்து வையுங்கள், வாயிலிருந்து ஒரு அடி ஸ்கேல் தூரம், வாய்க்கு நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில், மூச்சுக் காற்று மைக்கில் மோதாதபடி. ஒவ்வொரு மாதமும் அதே போன், அதே அறை, அதே தூரம். இதில்தான் எல்லாமே இருக்கிறது, தூரம் பாதியானாலே குரல் வலுவாகிவிட்டது போலக் கேட்கும்.

வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக எடுக்காதீர்கள், அது ஒலியைச் சுருக்கிவிடும், நமக்கு வேண்டிய நுணுக்கங்கள் அதிலேயே போய்விடும். வேவ் (WAV) வடிவத்தில் சேமிக்கிற ரெக்கார்டர் ஆப் எதுவானாலும் சரி. ஐபோன் என்றால் வாய்ஸ் மெமோஸ் செட்டிங்கில் ஆடியோ தரத்தை லாஸ்லெஸ் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரைச்சல் குறைக்கும் வசதி ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள்.

நேரமும் முக்கியம். பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற லெவோடோபா மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பேசுகிற ஆளும், அடுத்த மாத்திரைக்குக் காத்திருக்கிற ஆளும் அசைவில் ஒன்று இல்லை. எந்த நேரம் என்று முடிவு செய்தீர்களோ அதையே கடைசிவரை வைத்துக்கொண்டு, மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார், சளி இருந்ததா, முந்தின ராத்திரி தூங்கினாரா என்று ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்.

என்ன சொல்லச் சொல்வது? நன்றாக மூச்சை இழுத்து, வழக்கமான குரலில் "ஆ" என்று முடிந்தவரை நீட்டச் சொல்லுங்கள், மூன்று தடவை, நடுவில் ஓய்வு கொடுத்து. பெரியவர்கள் பொதுவாக 15 வினாடிக்கு மேல் நீட்டுவார்கள். 10-க்கும் கீழே போனால் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் "பத்தக்க, பத்தக்க, பத்தக்க" என்று வேகமாக. 'ப'வுக்கு உதடு, 'த'வுக்கு நாக்கு நுனி, 'க'வுக்கு நாக்கின் பின்பகுதி என்று மூன்றையும் இது சோதித்துவிடுகிறது. முதல் சில சுற்று தெளிவாக வந்து, போகப் போக எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அவசரமாக ஓடினால் அது டாக்டர் கேட்கவேண்டிய பதிவு. அதன்பின் ஒரு பத்தி வாசிக்க வேண்டும், அதில் கேள்வியும் ஆச்சரியமும் இருப்பது நல்லது, ஒவ்வொரு மாதமும் அதே பத்திதான். கடைசியாக இரண்டு நிமிடம் அவர் விருப்பப்படி பேசட்டும். நான் இதைத்தான் அதிகம் நம்புகிறேன், ஏனென்றால் சோதனை என்று தெரிந்ததும் எல்லோருமே குரலைக் கொஞ்சம் கூட்டிவிடுவார்கள், பழைய வேலையைப் பற்றியோ ஊரைப் பற்றியோ பேசும்போதுதான் இயல்பான குரல் வெளியே வரும்.

கணினியில் பார்க்க ஆசை இருந்தால் பிராட் (Praat) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கியது. வாசித்த பத்தியைத் திறந்தால் சுருதி ஒரு கோடாக ஓடும். நன்றாகப் பேசுபவருக்கு அது மேலும் கீழுமாக ஏறி இறங்கும், கேள்வி வரும் இடத்தில் எழும்பும். நோய் முற்ற முற்ற அந்தக் கோடு தட்டையாகிறது. "ஆ"வில் நடுவிலுள்ள மூன்று வினாடியை எடுத்தால் ஜிட்டர், ஷிம்மர் என்று இரண்டு எண் கிடைக்கும். குரல் நாண்கள் வினாடிக்கு ஆண்களுக்குச் சுமார் 120, பெண்களுக்குச் சுமார் 200 தடவை அதிர்கின்றன. ஒவ்வொரு அதிர்வுக்கும் ஆகும் நேரம் எவ்வளவு தடுமாறுகிறது என்பது ஜிட்டர், அதன் வலு எவ்வளவு தடுமாறுகிறது என்பது ஷிம்மர். இந்த எண்களை இணையத்தில் கிடைக்கும் அட்டவணையோடு ஒப்பிடாதீர்கள், மைக் மாறினாலே மாறும். அவருடைய போன மாத எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

"30 வினாடியில் நோயைக் கண்டுபிடிப்போம்" என்கிற ஆப்களைப் பற்றி ஒரு வார்த்தை. கோவிட் சமயத்தில் இருமலை வைத்தே தொற்றைச் சொல்லிவிடலாம் என்று பலர் கிளம்பினார்கள். பிரிட்டனில் 67,000-க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை வைத்துச் சரியாகச் சோதித்தபோது, என்னென்ன அறிகுறி என்று வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட அது எந்த விதத்திலும் மேல் இல்லை என்று தெரிந்தது. பார்க்கின்சனிலும் அப்படித்தான்: பலரும் பயன்படுத்துகிற ஒரு பழைய தரவுத் தொகுப்பில் இருப்பது 31 பேர், 195 பதிவுகள். ஒரே ஆளின் பல பதிவுகளில் சிலவற்றைக் கணினியைப் பழக்கவும், மற்றதை அதைச் சோதிக்கவும் வைத்தால், கணினி நோயைக் கண்டுபிடிப்பதில்லை, ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது. இந்த மாதிரி ஆப் சொல்வதைக் கேட்டு மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ தயவுசெய்து வேண்டாம்.

குரலில் வருகிற எல்லாமே பார்க்கின்சனும் இல்லை. கரகரப்பு நாலு வாரத்துக்கு மேல் நீடித்தால் இ.என்.டி. டாக்டர் கேமரா விட்டுக் குரல்வளையைப் பார்க்க வேண்டும், புகைபிடிப்பவர் என்றால் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். இடது குரல் நாணுக்குப் போகிற நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாயான மகாதமனியைச் சுற்றிக்கொண்டு மேலே வருகிறது, அதனால் நுரையீரலில் கட்டி வந்தாலும் முதலில் குரல் போகலாம். திடீரென்று நாக்கு குழறி, வாய் ஒரு பக்கம் கோணினால் பதிவெல்லாம் வேண்டாம், உடனே 108.

டாக்டரிடம் போகும்போது எல்லாவற்றையும் போட்டுக் காட்ட நேரம் இருக்காது. முதல் மாதத்துப் பத்தியில் 20 வினாடி, இந்த மாதத்துப் பத்தியில் 20 வினாடி, அடுத்தடுத்து ஓடுகிற மாதிரி தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும்போது புரையேறுகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், குரல் தேயும்போது விழுங்குவதும் சிரமமாகலாம். பதிவு செய்வதற்கு அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள், குடும்ப குரூப்பில் போடாதீர்கள், அது அவருடைய மருத்துவ விவரம்.

வித்தியாசம் தெரிந்தால் ஸ்பீச் தெரபிஸ்டிடம் அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள். எல்எஸ்விடி லவுட் (LSVT LOUD) என்று இதற்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது, வாரத்துக்கு 4 நாள் வீதம் 4 வாரம், மொத்தம் 16 அமர்வு, சத்தமாகப் பேசுவது ஒன்றுதான் அதில் குறி. பயிற்சிக்கு முந்தின நாள் ஒரு பதிவு, முடிந்த மறுநாள் ஒரு பதிவு எடுத்து, இரண்டையும் அவருக்கே போட்டுக் காட்டுங்கள்.