தெர்மோஸ்டாட் எல்லாச் செயலிகளையும் காக்கவைக்கும்போது

என் அம்மா ஏற்காட்டில் காபிப் பழம் பறித்தவர். மாலையில் எடை போடும் நேரம் வந்ததும் எல்லோரும் கூடையைச் சுமந்துகொண்டு தராசடிக்கு வருவார்கள். செங்குத்துச் சரிவில் பறித்தவர் மூச்சிரைக்க ஏறி வந்து சேரும்வரை கணக்கு முடியாது. மற்றவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். இப்போது சேலத்தில் உட்கார்ந்து, அணுக்களின் அசைவைப் படிப்படியாகக் கணினியில் கணக்கிடும் மூலக்கூறு இயக்கவியல் கணிப்புகளை ஓட்டும் எனக்கு, அணுக்களின் வேகத்தைத் திருத்தி வெப்பநிலையைக் கட்டுக்குள் வைக்கும் தெர்மோஸ்டாட் என்றாலே அந்தத் தராசுதான் நினைவுக்கு வருகிறது.

தெர்மோஸ்டாட் வகை நோஸ்-ஹூவர் ஆனாலும் வி-ரீஸ்கேல் ஆனாலும் மொத்த இயக்க ஆற்றல் தெரிந்தால்தான் வேகங்களைத் திருத்த முடியும். அணுக்களைப் பல செயலிகள் பங்கிட்டு வைத்திருப்பதால், ஒவ்வொன்றும் தன் பங்கைக் கூட்டிக்கொண்டுவந்து ஒரே தொகையாகச் சேர்க்க வேண்டும். செயலிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் எம்.பி.ஐ.யில் இதற்கு ஆல்ரெட்யூஸ் என்று பெயர். பரிமாறப்படுவது சில எண்கள்தான்; நேரம் காத்திருப்பில் போகிறது.

குரோமாக்ஸ் என்ற கணிப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோர் முதலில் லாக் கோப்பின் அடியிலுள்ள நேரக் கணக்கைத் திறந்து, இந்தக் கூட்டலுக்குப் போன நேரத்தைக் காட்டும் 'காம். எனர்ஜீஸ்' (Comm. energies) என்ற வரியைப் பாருங்கள். சுமைப் பகிர்வு நிலைப்பட்ட பிறகு எடுத்த நேரமே நம்பத்தக்கது. ஓட்டத்தின் பாதியில் கணக்கைப் பூச்சியமாக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

அந்த வரி பெரிதாக இருந்தால் உடனே தெர்மோஸ்டாட் மீது பழி போடாதீர்கள். நான் பல நாள் அப்படித்தான் நினைத்து, அமைப்புகளை மாற்றி மாற்றி ஓட்டினேன். பிறகுதான் அதே கோப்பில் சுமைச் சமமின்மை பற்றிய வரியைக் கவனித்தேன். ஒரு செயலிக்கு மட்டும் வேலை கூடுதல். மற்றவை அதற்காகக் காத்திருந்த நேரமும் கூட்டல் கணக்கில் ஏறியிருந்தது. சரிவில் பறித்தவருக்குப் பறிக்க வேண்டிய செடி வரிசையைக் குறைத்துக் கொடுக்காமல் தராசை மாற்றி என்ன பயன்? சுமையை முதலில் சமன்செய்யுங்கள்.

அதன் பிறகும் காத்திருப்பு குறையவில்லையென்றால், கூட்டும் இடைவெளியை நீட்டுங்கள். கணிப்பின் ஒரு காலப் படி 2 ஃபெம்டோ நொடி என்றால் 1 நானோ நொடிக்கு 5 லட்சம் படிகள். ஒவ்வொரு படியிலும் கூட்டினால் 5 லட்சம் முறை காத்திருக்க வேண்டும்; 10 படிக்கு ஒருமுறை என்றால் 50,000 முறை. வெப்பநிலையைத் தெர்மோஸ்டாட் இலக்குக்குத் திருப்ப எடுக்கும் தளர்வு நேரம் 1 பிக்கோ நொடியாக இருக்கும்போது 20 ஃபெம்டோ நொடி இடைவெளி அதில் ஐம்பதில் ஒரு பங்குதான், தயங்க வேண்டியதில்லை. நோஸ்-ஹூவரில் வெப்பநிலை இலக்கைச் சுற்றி ஏறி இறங்கி அலையும் என்பதால், ஓர் அலைவுக்கு 20 முறையாவது திருத்தம் நடக்கட்டும். வெப்பநிலை, அழுத்தம், ஆற்றல் ஆகிய மூன்றின் இடைவெளிகளையும் ஒன்றோடொன்று மடங்காக வையுங்கள். ஒன்று 10, இன்னொன்று 7 என்று வைத்தால் தராசடிக்கு இரண்டு நடை.

லாஞ்செவின் என்ற இன்னொரு தெர்மோஸ்டாட் முறைக்குத் தராசே வேண்டாம். ஒவ்வோர் அணுவுக்கும் உராய்வும் தற்செயல் உதைப்பும் அந்தந்த இடத்திலேயே கிடைத்துவிடும். ஆனால் அந்த உராய்வு மூலக்கூறுகள் இடம்விட்டு இடம் பரவுவதை மந்தமாக்கும் என்பதால், பரவல் குணகம் தேடுவோருக்கு நான் வி-ரீஸ்கேலையே சொல்வேன். சொந்தமாக நிரல் எழுதுவோர் எல்லாச் செயலிகளுக்கும் தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணை ஒன்றாகவே கொடுத்துவிடக் கூடாது; வெவ்வேறு அணுக்கள் ஒரே உதைப்பை வாங்கும். அணுவின் எண்ணையும் படியின் எண்ணையும் சேர்த்துத் தற்செயல் எண் தரும் திரீஃப்ரை போன்ற முறையை எடுத்துக்கொண்டால், அணு செயலி மாறினாலும் கணக்கு பிசகாது.

வேகம் கூடிவிட்டது என்று நீண்ட ஓட்டத்தைத் தொடங்கும் முன், பழைய அமைப்பிலும் புதிய அமைப்பிலும் ஒரு சிறு ஓட்டம் ஓட்டி, இயக்க ஆற்றலின் சராசரியோடு அதன் ஏற்ற இறக்கத்தின் அகலத்தையும், மாறாதிருக்க வேண்டிய ஆற்றல் நகர்கிறதா என்பதையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.