கார் காலையில் இயங்கத் தயங்கினால் முதலில் பார்க்க வேண்டியது

கொழும்பின் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோரப் பகுதிகளில் காரை வெளியே நிறுத்துவோர், காலையில் இயந்திரம் தயங்கிச் சுழன்றாலோ முகப்பு விளக்குகள் மங்கினாலோ, புதிய பற்றரி வாங்கும் முன் அதன் முனைகளைப் பார்ப்பது நல்லது. உப்புக் காற்று அரிப்பை விரைவுபடுத்துவதால், அங்கே வெண்மையாகவோ நீலப்பச்சையாகவோ படியும் பொடி மின்னோட்டத்தைத் தடுக்கிறது. இயந்திரத்தை நிறுத்தி, கையுறை அணிந்து, எதிர் (−) முனையை முதலில் கழற்றி, அப்பச்சோடா கரைத்த நீரில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்த பின், நேர் (+) முனையை முதலிலும் எதிர் முனையை இறுதியிலும் இறுக்கிப் பூட்டி, மேலே சிறிது வாசலின் பூச வேண்டும்.

மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீற்றர் இருந்தால் ஐயம் விரைவில் தீரும். சில மணி நேரம் ஓய்விலிருந்த பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்ட வேண்டும், 12.2 என்றால் மின்னேற்றம் பாதியளவே உள்ளது. இயந்திரம் ஓடும்போது பெரும்பாலான கார்களில் அது 13.8 முதல் 14.5 வரை உயரும். உயராவிடின் பற்றரியை அல்ல, இயந்திரம் ஓடும்போது பற்றரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேற்றரையே சந்தேகிக்க வேண்டும்.

ஹோர்ன் மட்டும் ஒலிக்காவிட்டால் பியூஸைப் பாருங்கள். அதன் நிறமே அளவைக் காட்டும்: சிவப்பு 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இவற்றில் அதே அளவையே போட வேண்டும்; 15க்குப் பதிலாக 30 போட்டால், பியூஸுக்குப் பதிலாகக் கம்பி எரியும். ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் உறையிட்ட கம்பிகள் உயர் மின்னழுத்தமுடையவை. அவற்றைத் தொடவே கூடாது.