சென்னையில் பழைய ஃபிளாட் பார்க்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வீடு பார்க்கப் போங்கள். தரகர் ஒத்துக்கொள்ள மாட்டார், மழையில் எதற்கு சார் அலைச்சல், தை பிறக்கட்டும், நிதானமாகப் பார்க்கலாம் என்பார். தை பிறந்துவிட்டால் சென்னையில் எல்லா ஃபிளாட்டும் அழகுதான். சுவர் காய்ந்து, புதுப் பெயின்ட் அடித்து, தெருவெல்லாம் பளிச்சென்று இருக்கும். பத்துப் பதினைந்து வருஷம் ஆன அடுக்ககத்தில் வாங்கினவர் கையைக் கடிக்கிற கோளாறுகளில் பெரும்பாலானவை தண்ணீரால் வருபவை. வரவேண்டிய குழாயில் வராது, இல்லையென்றால் வரக்கூடாத இடத்தில் வந்து நிற்கும். பூஜை அறை எந்தத் திசை, கிச்சன் மாடுலரா என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தெருவில் ஆரம்பியுங்கள். கேட்டுக்குள் நுழையும்போது கால் மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா? பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டதில் பல தெருக்களில் ரோடு ஏறி, கட்டடம் பள்ளத்துக்குள் போய்விட்டது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மணி நேர மழைக்கே கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் நிற்கும், லிஃப்ட் குழிக்குள்ளும் சம்ப்புக்குள்ளும் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) இறங்கும். காம்பவுண்டு சுவரின் உள்பக்கம், மோட்டார் ரூம் கதவு, மீட்டர் பெட்டிக்குக் கீழே உள்ள சுவர், இந்த மூன்றையும் பாருங்கள். ஒரே உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடினால் அது தண்ணீர் நின்ற மட்டம். வீட்டுக்குள் பெயின்ட் அடித்தவர்கள் மோட்டார் ரூமுக்கு அடித்திருக்க மாட்டார்கள். ஈ.பி. மீட்டர்களைப் பிற்பாடு உயரத்துக்கு மாற்றி, பழைய இடத்தில் ஆணி ஓட்டைகள் தெரிந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

இந்த ஏரியாவில் வெள்ளம் வந்ததா என்று தரகரிடம் கேட்டுப் பயனில்லை. வாட்ச்மேனிடமோ, எதிரே இஸ்திரி போடுபவரிடமோ கேளுங்கள், கேள்வியையும் மாற்றிக் கேளுங்கள்: போன மழைக்கு இங்கே இருப்பவர்கள் வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள்? 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியது நினைவிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் இரண்டிலும் முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் எவ்வளவு உயரம் ஏறியது என்பது அங்கே உள்ள கடைக்காரர் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது மாடிதானே, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். கரண்ட், லிஃப்ட், சம்ப், பைக் எல்லாம் தரையில்தான் இருக்கின்றன.

அடுத்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறது என்று சொன்னால் போதாது, தண்ணீர் வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேளுங்கள். போர்வெல் எத்தனை அடி, கோடையில் வற்றுமா, லாரி வாங்குகிறார்களா? அசோசியேஷன் கணக்கில் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களின் செலவைக் காட்டச் சொல்லுங்கள். லாரிக்குக் கொடுத்த பணம் அதில் தெரிந்துவிடும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் பல அடுக்ககங்கள் முழுக்க லாரியை நம்பித்தான் ஓடின. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குடிக்க 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. மீட்டர் இல்லாவிட்டால் பாத்ரூம் குழாயைப் பாருங்கள். வாயில் வெள்ளையாகப் படிந்து, ஷவரில் பாதி ஓட்டை அடைத்திருந்தால் கீசரும் வாஷிங் மெஷினும் என்ன பாடுபடும் என்று தெரிந்துவிடும்.

இப்போது வீட்டுக்குள். இங்கே அவசரப்படாதீர்கள், ஓனர் காபி கொடுத்தால் குடித்துக்கொண்டே பாருங்கள். ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், பல வீடுகளில் பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரில்தான் முதலில் காட்டும், அது பெரும்பாலும் பெட்ரூம் சுவராக இருக்கும், அங்கேதான் பீரோவையோ கட்டிலையோ போட்டு மறைத்திருப்பார்கள். கொஞ்சம் நகர்த்தலாமா என்று தயங்காமல் கேளுங்கள். தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் பெயின்ட் கொப்புளித்திருக்கிறதா? நகத்தால் லேசாகச் சுரண்டினால் உப்பு மாதிரி வெள்ளைத் தூள் உதிர்கிறதா? ஒரே ஒரு சுவருக்கு மட்டும் வால்பேப்பரோ பேனலோ ஒட்டியிருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும், அழகுக்காகவும் செய்திருக்கலாம்தான், ஆனாலும் கேட்டுவிடுவேன்.

பாத்ரூமில் ஒரு வாளி தண்ணீரைத் தரையில் ஊற்றுங்கள். நேராக வடிகாலுக்கு ஓடவேண்டும், வாசல் பக்கமோ மூலையிலோ தேங்கினால் வாட்டம் சரியில்லை. பிறகு அண்ணாந்து பாருங்கள். மேல்வீட்டு பாத்ரூம் உங்கள் தலைக்கு மேலேதான் இருக்கிறது. கூரையில் மஞ்சள் வட்டம் இருந்தால் ஒழுகல், அதைச் சரிசெய்ய மேல்வீட்டுக்காரர் தன் டைல்ஸை உடைக்கச் சம்மதிக்க வேண்டும், அந்தச் சண்டை வருஷக்கணக்கில் போகும். ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் அதில் பதித்த விளக்கைக் கழற்றி செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்துவிடுங்கள். கடைசி மாடி என்றால் மொட்டை மாடிக்கு ஏறாமல் திரும்பி வரவே கூடாது. தளத்தில் பதித்த தட்டோடு வெடித்திருக்கிறதா, மழைநீர் இறங்கும் வாயில் இலை அடைத்திருக்கிறதா, ஓவர்ஹெட் டேங்க் அடியில் பாசி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

விரிசல்களில் எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டாம். பூச்சில் முடி போல ஓடுவது சகஜம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போய், ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழைகிற அளவுக்கு அகன்றிருந்தால் இன்ஜினியர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். தூண், பீம், சன்ஷேடு, பால்கனி அடிப்பக்கம் ஆகிய இடங்களில் சிமென்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்த்தால் கட்டாயம் காட்ட வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்று இதைச் சீக்கிரமாகவே செய்துவிடும்.

அளவு விஷயம் சுருக்கமாக. 1000 சதுர அடி என்று விளம்பரத்தில் இருப்பது படிக்கட்டு, லிஃப்ட், வராந்தாப் பங்கெல்லாம் சேர்த்தது. உள்ளே அளந்தால் 700, 750 இருக்கலாம். டேப் கொண்டுபோய் அளந்து பாருங்கள். அதைவிட முக்கியம் யு.டி.எஸ்., அதாவது மனையில் உங்கள் பங்கு. நாலு கிரவுண்டில் (ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி) ஒரே அளவில் பதினாறு வீடு என்றால் ஆளுக்குச் சுமார் 600 சதுர அடி வரவேண்டும். பத்திரத்தில் 380 என்று இருந்தால் மீதி யார் பெயரில் இருக்கிறது? சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த வரைபடத்தில் எத்தனை மாடி, எத்தனை வீடு என்று பார்த்துவிட்டு, நீங்களே எண்ணிப் பாருங்கள். அனுமதியில் இல்லாத மாடியில் உள்ள வீட்டை விலை குறைவு என்று வாங்கவேண்டாம், பேங்க் லோனும் கிடைக்காது.

பிடித்துவிட்டால் இன்னொரு தடவை, தரகர் இல்லாமல், வேலை நாளில் சாயங்காலம் போங்கள். மேற்குச் சுவர் எவ்வளவு சூடாக இருக்கிறது, பார்க்கிங்கில் உங்கள் இடத்தில் யார் வண்டி நிற்கிறது, கழிவுநீர் வாடை வருகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். இதற்குள் தரகர் ரெண்டு போன் செய்திருப்பார், இன்னொரு பார்ட்டி ரெடியாக இருக்கிறது, இன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் போட்டுவிடுங்கள் என்று. தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய உரிமைப் பத்திரம்), 30 வருஷ வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானப் பட்டியல்), வரைபடம், கடைசி மெயின்டனன்ஸ் ரசீது நான்கின் நகலும் வக்கீல் கைக்குப் போகும்வரை டோக்கன் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். ஓதம், ஒழுகல், வெடிப்பு எல்லாவற்றையும் செல்லில் படமெடுத்து, தெரிந்த கொத்தனாரிடம் காட்டிச் செலவுக் கணக்கு வாங்கிக்கொண்டு விலை பேச உட்காருங்கள். பத்திரச் செலவாக முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனியாக எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது, அதனால் ஓனரிடம் குறைத்துக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.