அம்புக்குறி போகும் பக்கம் போகாதீர்கள்: கடலோர மலைப்பாதையில் முதல் ஜியோகேச்சிங்

ஜியோகேச்சிங் என்ன என்பதை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை வெளியில் எங்கோ ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களை இணையத்தில் போடுகிறார். நீங்கள் போனை வைத்துக்கொண்டு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கிறீர்கள். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. அடுத்த நாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியை மறைத்து வைத்து இந்த விளையாட்டைத் தொடங்கினார். ஒரே மாதத்தில் அது ஐரோப்பாவுக்கு வந்தது. அங்கே முதல் பெட்டி வைத்த இடம் அயர்லாந்தின் பிரே ஹெட் என்ற கடலோரக் குன்று.

பூங்காவிலும் தெருமுனையிலும் தேடிப் பழகியவர்கள்கூடக் கடலோரத்தில் தடுமாறுவார்கள். போனில் தெரியும் அம்புக்குறி நேர்கோட்டுத் தூரத்தைத்தான் காட்டும். நடுவில் செங்குத்துப் பாறை இருப்பதும், கடல் ஏறி வருவதும் அதற்குத் தெரியாது. எனக்குப் பழகிய ஒரு பாதையை வைத்தே விளக்குகிறேன். இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையைச் சுற்றி 630 மைல் ஓடும் சவுத் வெஸ்ட் கோஸ்ட் பாத்தில், டெவன் மாவட்டத்தின் ஹார்ட்லண்ட் கீ தொடங்கி கார்ன்வாலின் பியூட் வரை உள்ள துண்டு அது. சுமார் 25 கி.மீ. தூரம், பத்து ஆற்றுப் பள்ளத்தாக்குகள். ஒவ்வொன்றிலும் கடல் மட்டம் வரை இறங்கி மறுபடி ஏற வேண்டும். பல இடங்களில் போன் சிக்னலே கிடைக்காது.

படி 1: பெட்டியைத் தேர்ந்தெடுப்பது

ஜியோகேச்சிங் தளத்தில் இலவசக் கணக்கு போதும். அதில் எல்லாப் பெட்டிகளும் திறக்காது. முதல் நாளுக்கு அது ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண்கள் உண்டு: கண்டுபிடிக்க எவ்வளவு கஷ்டம், போய்ச் சேர எவ்வளவு கஷ்டம். இரண்டும் 1 முதல் 5 வரை, அரை அரையாகக் கூடும். பாதைக்கான எண் 5 என்றால் கயிறோ படகோ வேண்டும் என்று அர்த்தம். தேடலில் 2, பாதையில் 3 என்பதைத் தாண்டாதீர்கள்.

அப்புறம் கடைசியாகப் போனவர்களின் பதிவுகளைப் படியுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. நான் முதலில் பார்ப்பதே இதைத்தான். கடைசி மூன்று நான்கு பேர் வரிசையாகக் 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தால் குளிர்காலப் புயலிலோ மண்சரிவிலோ பெட்டி போயிருக்கலாம். அதற்காக ஒரு பள்ளத்தாக்கை இறங்கி ஏறத் தேவையில்லை.

அளவையும் கவனியுங்கள். மைக்ரோ என்றால் 100 மில்லிக்கும் சிறியது, பழைய பிலிம் டப்பா அளவு. பாறையும் புதருமாக இருக்கும் இடத்தில் மைக்ரோ தேடுவது பொறுமைக்குச் சோதனை. ஸ்மால், ரெகுலர் என்று போட்டிருப்பவையே ஆரம்பத்துக்கு நல்லது.

படி 2: எண்களைச் சரியாகப் பதிவது

இந்த விளையாட்டில் எண்கள் பாகையும் தசம நிமிடமுமாக வரும். ஹார்ட்லண்ட் கீ ஏறக்குறைய வடக்கு 50° 59.7, மேற்கு 4° 32.0. இதை 50.597 என்று அடித்துவிட்டால் 44 கி.மீ. தெற்கே போய் நிற்பீர்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் எல்லாமே கிழக்கு என்பதால் நம் கை தானாகக் கிழக்கைத்தான் தட்டும். இங்கே மேற்கு. மாற்றிப் போட்டால் போன் பெல்ஜியத்தில் மெக்கெலன் நகரத்துப் பக்கம் வழி காட்டும். பெட்டியின் பக்கத்திலிருந்தே வரைபடத்தைத் திறந்தால் இந்த வம்பே இல்லை. பல இடங்களுக்குப் போகச் சொல்லும் மல்டி கேச்சில்தான் எண்களைக் கையால் அடிக்க வேண்டிவரும்.

படி 3: எல்லாவற்றையும் வீட்டிலேயே இறக்கிக்கொள்வது

ஜிபிஎஸ்ஸுக்கு சிக்னல் வேண்டாம், வரைபடத்துக்கு வேண்டும். இணையம் இல்லாமல் வேலை செய்யும் வரைபடத்தை முதல் நாளே இறக்குங்கள். ஒவ்வொரு பெட்டியின் விவரத்தையும் துப்பையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கட்டணக் கணக்கு இருந்தால் பட்டியலாகச் சேர்த்து மொத்தமாக இறக்கலாம். காகித வரைபடமும் வேண்டும்: பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 126, 111 இரண்டும் சேர்ந்து இந்தத் துண்டைக் காட்டிவிடும்.

இப்போது பென்சிலை எடுத்து, வரைபடத்தில் பெட்டிகள் எங்கே வருகின்றன என்று புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிக்கு நடுவே எத்தனை உயரக்கோடுகள் நெருக்கமாக ஓடுகின்றன என்று எண்ணுங்கள். திரையில் '300 மீட்டர்' என்று வரும் பெட்டி பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் இருந்தால், முழுக்க இறங்கி ஓடையைத் தாண்டி மறுபடி ஏறிப் போக அரை மணி நேரம் ஆகும். இந்தத் துண்டில் மார்வென்ஸ்டோ கிராமத்துக்கு வடக்கே இருக்கும் ஹென்னா கிளிஃப் என்ற செங்குத்துப் பாறை 130 மீட்டருக்கு மேல் உயரம்.

முதல் தடவையே 25 கி.மீ. முழுவதையும் நடக்க நினைக்காதீர்கள். ஹார்ட்லண்ட் கீயிலிருந்து தெற்கே, கடல் பாதியைத் தின்றுவிட்ட செயின்ட் கேத்தரின்ஸ் டோர் குன்றைத் தாண்டி, அடுக்கடுக்காக விழும் ஸ்பீக்ஸ் மில் மவுத் அருவி வரை போய்த் திரும்புங்கள். ஒரு காலைப் பொழுதுக்கு அது போதும்.

படி 4: கடலின் நேரம்

பாதை பெரும்பாலும் பாறை மேட்டின் மேலேயே போகிறது. அங்கே இருக்கும் பெட்டிகளுக்குக் கடல் எப்போது ஏறினால் என்ன? ஆனால் கரையில் இறங்க வேண்டிய பெட்டி ஒன்று இருந்தாலும் அன்றைய திட்டம் முழுவதையும் கடல்தான் தீர்மானிக்கும். கடல் ஏறி முடிந்து ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமானால் முழுதாக வற்றும். மறுநாள் இதே நிலை சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஓரிரு நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிக அதிகம். இந்தக் கரையில் அந்த வித்தியாசம் 7 மீட்டர் அளவுக்கு வரும், இரண்டு மாடி உயரம். வீட்டில் தினசரிக் காலண்டர் தொங்கினால் அதில் ஒரு பார்வை பார்த்துவிட்டே நாளைக் குறிக்கலாம்.

துல்லியமான நேரத்துக்கு பிரிட்டனின் கடல் வரைபட அலுவலகம் நடத்தும் ஈஸி டைடு தளத்தைப் பாருங்கள். அட்டவணை கிரீன்விச் நேரத்தில் இருந்தால் கோடையில் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். கடல் வற்றிக்கொண்டிருக்கும்போதே இறங்கி, மறுபடி ஏறத் தொடங்குமுன் மேலே வந்துவிடுங்கள். சாண்டிமவுத் கரையில் கடல் வற்றியதும் பியூட் வரை மணல் நீண்டு கிடக்கும். மேட்டுப் பாதையை விட்டுவிட்டு அப்படியே நடந்துவிடலாம் என்று ஆசை வரும். பின்னால் செங்குத்துப் பாறை, முன்னால் ஏறிவரும் கடல். நடுவில் மாட்டினால் வெளியேற வழியில்லை. நேரம் உறுதியாகத் தெரியாவிட்டால் மேலேயே நடங்கள்.

படி 5: பையில் என்ன

பென்சில் கட்டாயம். ஈரத்தாளில் பந்துமுனைப் பேனா எழுதாது. பவர் பேங்க், மழை ஜாக்கெட், தண்ணீர், முட்புதரில் கை விடுவதற்குக் கையுறை, மாற்றி வைக்க ஒன்றிரண்டு சிறு பொம்மைகள். வழியில் கடை அரிது, அதனால் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். சாயங்காலம் வரை கெடாது, ஸ்பூன்கூட வேண்டாம். எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். ஆபத்து என்றால் 999-ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டு, அதாவது கடலோர மீட்புப் படை, வேண்டும் என்று கேளுங்கள்.

படி 6: தேடுவது

பாதை நெடுக ஓக் கொட்டைச் சின்னம் போட்ட கம்பங்கள் வரும். பெட்டிக்கு 50 மீட்டர் வரை அந்தப் பாதையை மட்டும் பின்பற்றுங்கள். 10 மீட்டருக்குள் வந்ததும் போனைப் பையில் போட்டுவிடுங்கள். அதன் துல்லியம் அதற்கு மேல் போகாது. பாறைச் சுவர் பக்கத்தில் சமிக்ஞை எதிரொலித்து இன்னும் மோசமாகும். அம்பு பாறை விளிம்புக்கு அப்பால் ஆறு மீட்டர் என்று காட்டினால் அது ஜிபிஎஸ் பிழை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்புக்கு அடியில் மண் அரித்துப் போயிருக்கும், மேலே புல் மட்டும் நிற்கும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

இனி கண்ணுக்குத்தான் வேலை. வேலியைத் தாண்டும் மரப்படிகளின் அடிப்பக்கம், கம்பத்தின் பின்புறம், கோர்ஸ் முட்புதரின் வேர்ப்பகுதி. நான்கைந்து கற்கள் ஒரே சாய்வில் அடுக்கியது போல இருந்தால் சந்தேகப்படுங்கள். இயற்கை அவ்வளவு ஒழுங்காக அடுக்காது. ஆனால் வயல் ஓரக் கற்சுவரைக் கல் கல்லாகப் பிரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் தவறான இடத்தில் இருக்கிறீர்கள். சுவரைக் கலைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் வைப்பதில்லை, கலைத்தால் ஆட்டுக்காரர் சும்மா விடமாட்டார். இருபது நிமிடம் தேடியும் இல்லையா, சரி, துப்பைப் பாருங்கள். இணையத்தளத்தில் அது எழுத்துகளை 13 இடம் தள்ளிப் போட்ட ரகசிய எழுத்தில் இருக்கும். செயலியில் ஒரு தட்டு தட்டினால் போதும்.

படி 7: திறப்பதும் மூடுவதும்

இந்தப் பக்கம் பெரும்பாலும் நாலு பக்கமும் கிளிப் வைத்த சாப்பாட்டு டப்பாக்கள்தான், மேலே பச்சையோ பழுப்போ டேப் சுற்றியிருக்கும். திறந்ததும் மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் போதும், அடுத்த மழைக்குள் தண்ணீர் இறங்கித் தாள் முழுவதும் கூழாகிவிடும். துடைத்துவிட்டு, நாலு கிளிப்பும் 'டக்' என்று விழுகிறதா என்று கேட்டு மூடுங்கள்.

உள்ளே இருக்கும் பொருளை எடுத்தால் அதே மதிப்போ கூடவோ உள்ளதை வையுங்கள். தின்பண்டம் வேண்டவே வேண்டாம். மோப்பம் பிடித்து வரும் விலங்கு டப்பாவைக் கடித்துக் குதறிவிடும். எண் பொறித்த உலோகத் தகடு இருந்தால் அது டிராவல் பக், ஊர் ஊராகப் பயணம் செய்யும் பொருள். அடுத்த பெட்டியில் வைக்க முடியும் என்றால் மட்டும் எடுங்கள், எண் தெரியும்படி போட்டோ போடாதீர்கள்.

பெட்டியே இல்லாத வகையும் உண்டு: எர்த்கேச். பாறையைப் பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டும். ஹார்ட்லண்ட் கீயில் கீழே நின்று பாறைச் சுவரைப் பாருங்கள். 30 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய மணற்பாறையும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கி, இரண்டு பக்கமும் நெருக்கியதில் மடங்கி மடங்கி நிற்கின்றன. எந்த அடுக்கு விலா எலும்பாகத் துருத்திக்கொண்டிருக்கிறது, எதைக் கடல் அரித்திருக்கிறது, ஏன்? கேள்விகள் இந்த மாதிரிதான் வரும். கீழே இறங்குவதால் படி 4 இங்கேயும் உண்டு.

படி 8: பதிவு

சிக்னல் வந்ததும் இணையத்தில் பதியுங்கள். கிடைக்காவிட்டாலும் பதியுங்கள், வைத்தவர் வந்து பார்க்க அதுதான் காரணமாக இருக்கும். தாள் நனைந்திருந்தால் அதையும் எழுதுங்கள். இடத்தைக் காட்டிக்கொடுக்கும் படம் வேண்டாம்.

சில பெட்டிகள் கிடைத்ததும் சொந்தமாக ஒன்று வைக்கக் கை அரிக்கும். நில உரிமையாளரின் அனுமதி வேண்டும், பக்கத்துப் பெட்டியிலிருந்து 161 மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும். சுற்றுலா போன இடத்தில் வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட முடியாது. நனைந்தால் போய் மாற்றக்கூடிய தூரத்தில் வையுங்கள்.