பழைய பற்றரி சேர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் இன்னும் இரண்டு தொடர்மாடிகளில் பழைய பற்றரி சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். நான் முன்பு செய்த பிழைகள் அச்சுப் பிசகாமல் அங்கே இருந்தன. குப்பையில் போடாதீர்கள், எரிக்காதீர்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

ஒரே தகரத்தில் கொட்டுவது

இதைக் கண்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. நானும் லிஃப்ட் அருகே வெற்றுப் பிஸ்கட் தகரம் ஒன்றைத்தான் வைத்தேன். ஐந்தாம் மாடி மாமி பஜனை மைக்கின் 9 வோல்ட் பற்றரியைக் கொண்டுவந்து, "செத்துப்போய்விட்டது தம்பி" என்று போட்டுவிட்டுப் போனார். மாலையில் காவலாளி ஓடிவந்தார்: தகரம் சுடுகிறது. திறந்தால் கருகல் வாடை. அடியில் விரித்திருந்த பேப்பர் பழுப்பேறிக் கிடந்தது.

மைக்குக்குத்தான் அது செத்தது. மைக் நின்றபிறகும் அதில் 7 வோல்ட் வரை மிஞ்சியிருக்கலாம். இரண்டு முனைகளும் தலையில் பக்கத்துப் பக்கமாக இருப்பதால், தகரத்தின் விளிம்போ இன்னொரு பற்றரியோ இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் போதும், மின்சாரம் குறுக்கே பாயும். சட்டி தேய்க்கும் இரும்புத் தும்பையே தணலாக்கக்கூடிய சாமான் அது. அன்றைக்குத் தகரத்தில் ஒரு பவர்பேங்க் பற்றரியும் கிடந்திருந்தால் லிஃப்ட் கதவு வரை எரிந்திருக்கும்.

இப்போது அகன்ற வாய்ப் பிளாஸ்டிக் போத்தல் வைத்திருக்கிறேன். 9 வோல்ட், பொத்தான் பற்றரி, லித்தியம் (ஃபோன், பவர்பேங்க் பற்றரிகள்) மூன்றுக்கும் முனைகளில் வயர் டேப் ஒட்டாமல் உள்ளே விடுவதில்லை. டேப் உருளை போத்தலின் கழுத்திலேயே நூலில் தொங்குகிறது; இல்லையென்றால் ஒருவரும் ஒட்டமாட்டார்கள்.

பொத்தான் பற்றரியை மேசையில் விடுவது

குழந்தை விழுங்கினால் இரண்டு மணிநேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

வீங்கிய ஃபோன் பற்றரியை அமுக்கிப் பார்ப்பது

வேண்டாம்.

2022இன் மிச்சங்களை ஒரே இனமாக நினைப்பது

13 மணிநேர மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய அவசர விளக்குகளும் ரவுட்டர் பற்றரிகளும் இப்போது வரிசையாக மண்டையைப் போடுகின்றன. சில ஈய அமிலம், சில லித்தியம்; பற்றரியின் மேலுள்ள எழுத்தைப் படியுங்கள். ஈய அமிலப் பற்றரிக்கு நிறைக்குக் காசு உண்டு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கேட்பார்கள். அதை உடைத்து, அமிலத்தைக் கானில் ஊற்றிவிட்டு ஈயத்தை மட்டும் எடுப்பவர்களிடம் கொடுக்காதீர்கள். லித்தியத்தை இதோடு சேர்க்கவே கூடாது.

நிறைந்த பிறகு இடம் தேடுவது

என் முதல் தொகுதி பல மாதம் படிக்கட்டின் கீழ் கிடந்தது. எடுப்பவரைக் கண்டுபிடித்துவிட்டுப் போத்தலை வையுங்கள். பத்தரமுல்லையிலுள்ள மத்திய சுற்றாடல் அதிகாரசபை, மின்னணுக் கழிவு சேகரிக்க அனுமதிப்பத்திரம் பெற்றவர்களின் பட்டியலை வைத்திருக்கிறது. அதிலுள்ளவர்களை அழைக்கும்போது "பற்றரி எடுப்பீர்களா?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். ஃபோன் பற்றரி எடுப்பவர் டோர்ச் பற்றரியைத் திருப்பி அனுப்பலாம். எந்த இனம், எத்தனை கிலோ, வந்து எடுப்பார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.